ராசியான வீட்டுத் தொட்டில்

இன்று காலை கைபேசிக்கு ஒரு படம் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பழைய வாக்கர் ஒன்றை விற்கப் போட்டிருந்தார்கள். ஒரு சக்கரம் கோணிக்கொண்டிருந்தது, உட்காரும் துணியில் தையல் விட்டிருந்தது. படத்துக்குக் கீழே முதல் வரியே இதுதான்: 'ராசியான வீடு, எல்லாப் பிள்ளையும் இதில்தான் நடை பழகியது.' விலைகூட அதற்குப் பிறகுதான். நான் பார்ப்பதற்குள் நாலைந்து பேர் 'எனக்கு, எனக்கு' என்று எழுதியிருந்தார்கள். சக்கரம் ஏன் கோணல் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. நீ இருந்தால் எல்லார் முன்னிலையிலும் குரல் பதிவு போட்டு மானத்தை வாங்கியிருப்பாய். நீ இல்லை. அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் குழந்தைத் துணிப் பிரிவில் நாம் இருவரும் வேலைக்கு நின்ற காலத்திலேயே உன்னோடு கடைக்குப் போவது எனக்குத் தண்டனை. தக்காளியைக்கூடக் காம்புப் பக்கம் திருப்பிப் பார்ப்பாய். இலவசமாகக் கொடுத்த காலண்டரில் எல்லா மாதமும் இருக்கிறதா என்று கடைக்காரர் எதிரிலேயே புரட்டினவள் நீ. உனக்குப் பெண் பிறந்தபோது கேட்கவே வேண்டாம். தெரிந்தவர் வீடுகளில் எல்லாம் பழைய சட்டை வாங்கி, வெந்நீரில் அலசி, ஆடுகிற பொத்தான்களைப் பல்லால் கடித்து எடுத்தாய். யார் வீட்டிலோ பரணில் கிடந்த தொட்டில் கட்டையை அற்ப விலைக்கு வாங்கி, சிலாம்பு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாய். ஆனால் ஸ்பிரிங்கும் கொக்கியும் இரும்புக்கடையில் புதிதாக வாங்கினாய். ஸ்பிரிங்குக்கு உள்ளே ஒரு கயிற்றையும் விட்டுக் கட்டினாய், ஸ்பிரிங் அறுந்தாலும் பிள்ளை கீழே வராமல் இருக்க.

"துணி பழசு இருக்கலாம், கட்டை பழசு இருக்கலாம். தொங்கறதும் வாயில வெக்கிறதும் மட்டும் புதுசா இருக்கணும். அதுல கம்மி பண்ணக்கூடாதுடி" என்றாய். அவ்வளவுதான் உன் சாஸ்திரம்.

அடுத்து நான் உண்டானேன். எனக்கு அம்மா இல்லாததால் பிரசவம் மாமியார் வீட்டில்தான் என்று முடிவானது. வளைகாப்பு முடிந்த கையோடு அத்தை ஒரு தொட்டிலுக்குச் சொல்லிவைத்துவிட்டார். நைனார்பாளையத்தில் அவருக்கு அக்கா முறையாகும் அம்மாள் வீட்டில் இருந்தது அது. சொந்தத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அந்தத் தொட்டில்தான் ஊர் ஊராகப் போகும். அதில் கிடந்த ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லையாம். அதனால் கொக்கியை மாற்ற மாட்டார்கள், ஸ்பிரிங்கை மாற்ற மாட்டார்கள். மாற்றினால் ராசி போய்விடும். எத்தனை பிள்ளை ஆடியதோ அத்தனைக்கு இரும்பு தேய்ந்திருக்கும் என்ற சின்னக் கணக்கு அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேயத் தேயத்தான் அதற்கு மவுசு ஏறியது.

பார்க்கத் துணைக்கு உன்னைக் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் மோர் கொடுத்து, தொட்டிலை நடுவீட்டில் மாட்டிக் காட்டினார். நீ மோரைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியை விரலால் தடவினாய்.

"ஏம்மா, கொஞ்சம் நெல்லு இருந்தா குடுங்களேன். சாக்கோட."

"நெல்லு இன்னாத்துக்கு?"

"புள்ளைய போடறதுக்கு முன்ன நெல்ல போட்டுப் பாக்கலாம்."

அரைச்சாக்கு நெல்லைத் தொட்டில் புடவைக்குள் வைத்து, கீழே இழுத்துவிட்டாய். இரண்டு ஆட்டம் ஆடியது. மூன்றாவதில் கொக்கி நிமிர்ந்து, சாக்கு தரையில் விழுந்து நெல் வீடெல்லாம் சிதறியது. அந்த அம்மாள் முகம் கறுத்துப்போனது.

"நெல்லு மூட்டைய வெச்சி இழுத்தா எதுதாம்மா நிக்கும்? புள்ள இன்னா இம்மாங் கனமா பொறக்கப் போவுது?"

"பொறக்கறப்ப இருக்காதுங்க. வளராதா?"

நாம் இருவரும் உட்கார்ந்து நெல்லை வாரிக் கொடுத்துவிட்டு வந்தோம். சின்னசேலம் வரைக்கும் பஸ்ஸில் நான் உன்னிடம் பேசவில்லை. வீட்டுக்குப் போனால் எனக்கு என்ன பூசை காத்திருக்கிறது என்று உனக்கென்ன தெரியும். நீயோ ஜன்னல் வழியாகக் கல்வராயன் மலைப்பக்கம் மழை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு வேர்க்கடலை தின்றாய். இறங்கும்போதுதான் சொன்னாய். "எங்க பாப்பா நடக்க ஆரம்பிச்சிட்டா. எங்க வூட்டுத் தொட்டில் இனி உனக்குத்தான். கயிறு மட்டும் புதுசு மாத்திக்க."

அத்தை நான் நினைத்ததற்கு மேலேயே பேசினார். "ராசிய ஒடச்சிட்டு வந்து நிக்கிறீங்க" என்று தெருவுக்கே கேட்டது.

அந்த மாதமே உனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு பெரிய ஆஸ்பத்திரி என்றார்கள், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சங்கராபுரத்தில் உன் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது நான் அடுத்த ஊரில் இருந்தேன், பஸ் ஏறினால் இரண்டு நிறுத்தம். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அது போதாதென்று நைனார்பாளையத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது: ராசித் தொட்டிலை உடைத்தால் சும்மா விடுமா. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைச் சொல்லித் தலையாட்டினார்கள். கொசு கடித்து வந்த காய்ச்சலுக்குக் கொக்கியைக் காரணம் சொன்னார்கள். அந்த வாய்களை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கும் பெண்தான் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால், நடுவீட்டில் அதே ராசித் தொட்டில் தொங்குகிறது. நிமிர்ந்த கொக்கியைச் சுத்தியலால் தட்டி வளைத்து, மேலே கட்டுக்கம்பி சுற்றியிருந்தார்கள். நான் பிள்ளையை அதில் போடவே இல்லை. தரையில் பாய் விரித்து என் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். எறும்பு வருகிறது என்றார் அத்தை, ஈரத்தரை என்றார், படித்த திமிர் என்றார். ஒருநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள் பிள்ளையைத் தூக்கித் தொட்டிலருகே கொண்டுபோய்விட்டார். ஈரத்தலையோடு ஓடிப் பிடுங்கினேன்.

"அவ வூட்டுத் தொட்டில் நல்லா கெட்டியா இருக்குது அத்த. எனக்குன்னு சொல்லி வெச்சிருக்கா. அத எடுத்தாரச் சொல்லுங்க."

"சாவு வூட்டு சாமானா? அல்பாயுசுல போனவ தொட்டில்ல எம் பேத்திய போடுவியா? உனக்கு மண்டையில இன்னாதான் இருக்குது?"

உன் வீட்டுக்காரர் காதிலும் இதே பாட்டுதான் விழுந்ததாம். அக்கம்பக்கத்தார் அதை ஏரியில் கொண்டுபோய்ப் போடச் சொன்னார்களாம். ஊரிலேயே உறுதியான தொட்டில், வாங்க ஆளில்லாமல் மூலையில் கிடந்தது. இற்றுப்போன தொட்டிலுக்கு அடித்துக்கொள்கிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் போனார். அம்மாவை எதிர்த்து ஒரு சொல் பேசாத மனிதர். அன்று கட்டுக்கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் வண்டியை எடுத்தார். திரும்பிவந்தபோது ஒரு பழைய போர்வையில் சுற்றி உன் தொட்டில் இருந்தது. உன் வீட்டுக்காரர் துடைத்து, ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டு, புதுக் கயிறும் வாங்கி வைத்திருந்தாராம். "அவ சொல்லிட்டுத்தான் போனா" என்றாராம்.

"யார் வூட்டுதுடா?" என்றார் அத்தை.

"திருக்கோவிலூர்ல ஒரு வாத்தியார் வூட்டுதும்மா. புள்ளைங்க எல்லாம் நல்லா பெருசாயிட்டுதுங்க."

அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. கற்பூரம் காட்டி, பொட்டு வைத்து, அவரே மாட்டினார். நான் அரிசியைச் சாக்கில் கட்டிப் போட்டு இழுத்துப் பார்த்தபோது முறைத்தார், ஆனால் தடுக்கவில்லை. தொட்டில் அசையாமல் நின்றது.

இப்போது என் பெண் மத்தியானம் முழுக்க அதில்தான் தூங்குகிறாள். நேற்று எதிர்வீட்டு அக்கா வந்தார். அவர் மகளுக்கு ஏழாம் மாதம். தொட்டிலைப் பார்த்ததும், அடுத்து எங்களுக்குத்தான் தர வேண்டும் என்றார். அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை. கயிற்றை இழுத்து ஆட்டிக்கொண்டே சொன்னார்:

"எம்மாங் கெட்டி பாத்தியா. யாரோ ஒரு மவராசி பாத்துப் பாத்து பண்ணிகீறா. அவ நூறு வயசு நல்லா இருக்கணும்."

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அது நீதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அந்த நிமிடமே தொட்டிலைக் கழற்றிவிடுவார், பிள்ளை மறுபடி தரைக்கு வரும், இல்லை அந்தக் கட்டுக்கம்பிக்குப் போகும். ஊரெல்லாம் ராசியில்லை என்று ஒதுக்கிய உன் பேரை நானும் விழுங்கிக்கொண்டேன், உன் தொட்டில் தொங்கவேண்டும் என்பதற்காக.