தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு

இலுப்பூர்,
ஆவணி, 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

"மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சுல்ல, சடுகுடுவுக்கு அனுப்பி வை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரரை அனுப்ப மாட்டேன்.

திருச்சிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் நெஞ்சைச் சோதிக்க வைத்தேன். "காய்ச்சல் போயிருச்சும்மா, இதயம் இன்னும் தேறலை. இப்ப ஓடினா ஆபத்து" என்றார். ஆத்திரத்தில் உங்கள் மாப்பிள்ளை என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டாம், உயிரோடு இருந்து முறைத்தால் போதும்.

ஊர் மானம் என்கிறீர்கள். போன வருடம் தம்பிக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள்தான் களத்தில் இறக்கினீர்கள். அவன் ஜெயித்துக்கொடுத்த கோப்பையைத் துடைத்துவைக்க உங்களுக்கு மனசு வருகிறதா, அண்ணே?

கோபமென்றால் வாருங்கள். சோறு போடுவேன். ஆளைத் தர மாட்டேன்.

இப்படிக்கு,
உங்களுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே உடன்பிறப்பு