செண்டோல் வாங்கியவன்

மார்ச் 12, வியாழன்

இன்று டாக்டர் முன்னால் பச்சைப் பொய் சொன்னேன். தம்பி முருகனுக்கு நரம்பை அரிக்கும் அபூர்வ நோய். அவன் தள்ளாடும் நடையையே நாங்கள் கவனித்துக்கொண்டிருக்க, சர்க்கரை ஏறி இதயமும் தடித்துவிட்டதாம்.

“இனிப்பு யார் கொடுக்கிறது?” என்றார் டாக்டர்.

வாராவாரம் வெல்லப்பாகு வழியும் செண்டோல் வாங்கிப் போகும் வள்ளல் நான்தான். ஆனால் தம்பி மனைவியைக் கைகாட்டினேன். “வீட்ல எல்லாம் செல்விதான், டாக்டர்.”

அவள் அழுதாள். இருவரையும் என் காரில் பாயான் பாரு வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது முருகன் குழறினான்: “அவளப் போய் மாட்டி விட்டியேலா, அண்ணே.”

அவர்கள் காரில் மறந்துவிட்ட மருத்துவ ஃபைலை இப்போதுதான் புரட்டினேன். இனிப்பே தொடாவிட்டாலும் இந்த நோய் சர்க்கரையை ஏற்றுமாம், இதயத்தையும் கெடுக்குமாம். அப்பாடா! நாளை இதைக் காட்டியே செல்வியைச் சமாதானப்படுத்திவிடலாம்.

அந்த வரியின் கீழே செல்வி எப்போதோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள்.