மூன்று போன்களும் ஒன்றாய் அடிக்கும்

கீரனூர்,
ஞாயிறு மாலை.

அன்பு பிளெஸ்ஸிக்கு,

உன் பிராங்க்ளின் எழுதுகிறேன். நான் நலம். அம்மா நலம். நேற்று மழை. குவைத்தில் வெயிலும் வேலையும் உன்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டட்டும்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். என் தொழில் காலூன்றிவிட்டது. கையைவிட மனம் வேகமாக ஓடுகிறது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

போனில் சொல்லலாம்தான். உன் அறையில் இன்னும் நான்கு பேர். நீ "ம்" என்பாய். நான் "சாப்பிட்டியா" என்பேன். அதோடு முடிந்துவிடும். கடைகளுக்குத் தொலைபேசி தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறவன் மனைவிக்குக் கடிதம் எழுதுகிறான். சிரித்துக்கொள். ஜஸ்டின் விடுப்பு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

திருச்சி விமான நிலைய வாசலில் நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "ஒங்க தொழில் ஒரு நெலைக்கு வந்துருச்சுன்னா நான் வந்துர்றேங்க. இல்லாட்டி இன்னும் ரெண்டு வருசம்." இந்த மாதக் கடைசியில் உன் ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், இருக்கிறாயா போகிறாயா என்று. எனக்குத் தெரியும். போனில் நாம் அதைத் தொடுவதில்லை.

என் வேலையை இன்னும் ஒரு வரியில் விளக்க வரவில்லை. இணையம் வழியாக இயங்கும் தொலைபேசி. கடைக்கு ஒரே எண், பல பேர் எடுக்கலாம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த அழைப்பும் உள்ளே வரும். விற்கும் நிறுவனங்கள் நிறைய. எதை வாங்குவது என்று கடைக்காரருக்குத் தெரியாது. அந்த இடத்தில் நான். கரண்ட் போனால் பேசுமா? நெட் அறுந்தால் அழைப்பு எங்கே போகும்? வேலையாள் விலகினால் எண்ணும் அவரோடு போய்விடுமா? கேட்டு, சோதித்து, இது உங்களுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடைக்காரர், "ஏப்பா, என் செல்லு நல்லாத்தான அடிக்குது, அது ஒனக்குப் பொறுக்கலையா?" என்றார். இன்னொருவர் டீ வாங்கித் தந்தார். என்னை வைத்தே தன் வீட்டு வைஃபையைச் சரிசெய்துகொண்டு வழியனுப்பினார். வாரக்கணக்கில் இப்படி. அந்த நாட்களில்தான் நீ கேட்கும்போதெல்லாம் "பரவால்ல, போகுது" என்றேன்.

பிறகு உண்ணாமலை அக்கா. அரிமளத்தில் பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். அவர் எண் சுற்றுவட்டாரச் சுவர்களில் எல்லாம் இருக்கிறது, சேர்களின் முதுகிலும். ஆனால் அந்த எண் ஒரே ஒரு செல்போன். முகூர்த்த நாள் நெருங்கினால் எப்போதும் பிஸி. கூப்பிட்டவர்கள் அடுத்த ஊர்ப் பந்தல்காரரிடம் போய்விடுவார்கள். அவரே என்னை அழைத்தார். "தம்பி, ரெண்டு காது போதல. மூணாவதா ஒண்ணு வாங்கிக் குடு."

மூன்று நிறுவனங்களை ஒப்பிட்டேன். வசதிகள் அதிகமுள்ளதைத் தேர்ந்தேன். சுவரில் இருக்கும் பழைய எண்ணை மாற்றவில்லை. அதற்கு வரும் அழைப்பைப் புதிய இணைப்புக்குத் திருப்பினேன். நெட் பெட்டியை இன்வெர்ட்டரில் மாட்டினேன். கூப்பிடுகிறவர் காத்திருக்கும்போது கேட்க ஓர் இசை வேண்டும் என்றார்கள் நிறுவனத்தார். வைகாசி மாதம். கல்யாணப் பந்தல் கடை. நாதஸ்வரமும் மேளமும் வைத்தேன். நானே பத்துத் தடவை கூப்பிட்டுக் கேட்டு ரசித்தேன். பிறகு இனிமையான ஒரு பெண் குரல். மணவிழாப் பந்தலுக்கு ஒன்றை அழுத்தவும். பாத்திரங்களுக்கு இரண்டு. இதர சேவைகளுக்கு மூன்று.

மறுவாரம், ஒரு காலை. பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவர் அப்பா இறந்துவிட்டார். ஐஸ் பெட்டி வேண்டும், தெருவில் பந்தல் வேண்டும். அவர் காதில் கெட்டிமேளம்.

போனை வைத்துவிட்டு பைக்கில் நேராகக் கடைக்கே வந்துவிட்டார். இறங்கவில்லையாம். "எங்கய்யா அங்கிட்டு செத்துக் கெடக்காரு. நீங்க இங்கிட்டு மேளங் கொட்டுறீக." அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். அக்கா பெட்டியை ஏற்றி, வண்டியில் தானே போய், அடக்கம் முடியும்வரை அந்த வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்.

என்னை உட்காரச் சொல்லவில்லை. "ஏந்தம்பி, அம்புட்டுப் படிச்சிருக்க. சாவுக்கும் பந்தல் போடுவாகங்கறது ஒனக்குத் தெரியாதா? இதர சேவையாம்ல, இதர சேவை! கழட்டிக்கிட்டுப் போ." கடையின் குட்டியானை வண்டி ஓட்டுகிற சந்தனம் அண்ணன் பக்கத்திலேயே சேர் அடுக்கிக்கொண்டிருந்தார். "நாலை அமுக்குனா அட்சதை போடுமா தம்பி?" யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

பேருந்தில் திரும்பினேன். ஜன்னலோரம். எதுவும் பார்க்கவில்லை.

உன் அப்பா போன அன்று உன்னைக் கூப்பிட்டவன் நான்தான் பிளெஸ்ஸி. உன் போனில் அப்போது ஒரு பாட்டு வைத்திருந்தாய். துள்ளலான பாட்டு. நீ எடுக்கும்வரை அந்தச் செய்தியை வாயில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முழுப் பாட்டையும். இதை உன்னிடம் சொன்னதில்லை. உன்மேல் என்ன தவறு, உனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொருவர் காதில் மேளம் வைத்தேன்.

கம்பி, கரண்ட், வேகம். எல்லாம் விசாரித்தேன். கூப்பிடுகிறவர் யார் என்று விசாரிக்கவில்லை.

கழற்றத்தான் மறுநாள் போனேன். போனவன், ஒரு நாள் மட்டும் கடையில் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். அக்கா விரட்டவில்லை. உட்கார்ந்தேன். வரும் அழைப்பையெல்லாம் கேட்டேன். சமையல்காரர், பெண்ணின் தாய்மாமன், கோயில் கமிட்டி, சாவு வீடு. எல்லோரும் அதே எண்ணில், வரிசையில்லாமல். இவர்களில் எவரும் காத்திருக்கக் கூடாது. எவரையும் இயந்திரம் வரவேற்கக் கூடாது. இவ்வளவுதான் இந்தக் கடைக்கு வேண்டிய தொலைபேசி.

நான் ஒதுக்கிவைத்த நிறுவனத்திடம் போனேன். மூன்றில் சிறியது. இசை இல்லை, பெண் குரல் இல்லை. ஆனால் அழைப்பு வந்தால் கடைப் போன், அக்காவின் செல், வண்டியில் சந்தனம் அண்ணனின் செல், மூன்றும் ஒன்றாய் அடிக்கும். யார் முதலில் எடுத்தாலும் சரி. யாரும் எடுக்காவிட்டால் மூவருக்கும் குறுஞ்செய்தி. நெட் அறுந்தால் அழைப்பு தானே செல்போன்களுக்குத் தாவிவிடும். விடுமுறை நாளில் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மனிதர் ஒருவர் எடுத்தார். அதுவும் ஒரு சோதனைதான்.

அக்கா ஒரு வாரம் தவணை கொடுத்தார். "இதுலயும் மேளச் சத்தம் கேட்டுச்சு, ஒன்னய அந்தப் பெட்டியில வச்சுருவேன்."

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் காற்றும் மழையும். அரிமளத்தில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் தாங்கியது. பிறகு எங்கோ மரம் விழுந்து நெட் கம்பியும் போனது. நான் கடை வாசலில் நனைந்துகொண்டு நின்றேன். கடைப் போன் ஊமை. முடிந்தது என்று நினைத்தேன். அப்போது உள்ளே அக்காவின் செல் அடித்தது. வண்டியில் சந்தனம் அண்ணனுடையதும். இரண்டும் சேர்ந்து! பிளெஸ்ஸி, மழையில் குதித்தேன். சந்தனம் அண்ணன் தலையை வெளியே நீட்டி, "தம்பிக்கு யாரு மேளங் கொட்டுனா?" என்றார்.

அக்கா பாராட்டவில்லை. நேற்று புதுக்கோட்டையில் பந்தல்காரர்கள் சங்கக் கூட்டம். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நடுவில் நிறுத்தினார். "இந்தத் தம்பி எங்கிட்ட ஒரு பெரிய தப்புப் பண்ணுச்சு. அதுனால ஒங்ககிட்ட அதைப் பண்ணாது. கூட்டிக்கிட்டுப் போங்க." கூட்டம் சிரித்தது. நானும். பிறகு ஒவ்வொருவராக வந்து நம்பர் வாங்கிக்கொண்டார்கள். திருமயத்துக்காரர் நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார். ஒலிபெருக்கிக் கடை, சமையல் ஒப்பந்தக்காரர், ஆம்புலன்ஸ் வைத்திருக்கும் ஒருவர். தனியாக முடியாது போலிருக்கிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அலுவலகத்துக்கு ஓர் அறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் இருக்கிறது.

முதலில் அவர்களிடம் என்ன கேட்பேன் தெரியுமா? உங்களை யார் கூப்பிடுவார்கள், எந்த நிலைமையில் கூப்பிடுவார்கள்? மற்றதெல்லாம் அப்புறம்.

அறை பார்க்கப் போன வழியில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் பலகை வைத்திருந்தார்கள், அனுபவமுள்ள நர்ஸ் தேவை என்று. சும்மாதான் நின்று படித்தேன்.

மாதக் கடைசியில் உன்னைக் கேட்கும்போது, உடனே ஒன்றும் சொல்லிவிடாதே. இந்தக் கடிதத்தை இன்னொரு முறை படி. பிறகு உன் மனம் எதைச் சொல்கிறதோ அதைச் சொல். எதுவானாலும் ஆண்டவர் உன்னோடு இருப்பார். திருச்சி விமான நிலையத்துக்கு எந்த நேரமானாலும் கீரனூரிலிருந்து வண்டி கிடைக்கிறது. அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
பிராங்க்ளின்