நாற்பது சவுண்டுகள்

பிப்ரவரி 6

என் செல்லத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு சங்கடம். மாமா கச்சேரியில் வாசிக்கிற கீபோர்டில் நீ உருவாக்கிச் சேமித்திருந்த நாற்பது சவுண்டுகளும் அழிந்துவிட்டன. சனிக்கிழமைக் கச்சேரியில் உன் புல்லாங்குழல் இருந்த எண்ணை மாமா அழுத்தினால் வெறும் பியானோ வருகிறது. பாடகர் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாராம். "அவளையே வரச் சொல்லு. ரெண்டு நாள் இருந்து செஞ்சு குடுக்கட்டும்" என்று மாமாவே சொல்கிறார்.

போன் மாமாவிடம் இருப்பதால் கடிதம். இதையும் அவர் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார், என் கையெழுத்து அவ்வளவு பிடித்துவிட்டது. கடைக்கும் அவரே போகிறார். என் காலில் தூசி பட்டு மூன்று மாதம் ஆகிறது. நீ கட்டாயம் வா.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

வர மாட்டேன். "இனிமே இந்த வாசலை மிதிக்காதே" என்று மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அவரும் படிப்பாராமே, படிக்கட்டும்.

நீயே செய்யலாம். கீபோர்டில் இருக்கிற புல்லாங்குழலை எடு. சத்தம் எழும்பும் வேகத்தைக் கொஞ்சம் குறை. அதன் அடியில் காற்றுச் சத்தம் ஒன்றைச் சேர்த்து, கேட்டும் கேட்காத அளவில் வை. பிறகு சேவ் அழுத்தி, காலியாக உள்ள எண்ணைக் கொடு. பழையதை அழிக்கவா என்று திரையில் கேட்டால் மட்டும் அவசரப்படாதே.

எனக்கு இங்கே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

தங்கை

பிப்ரவரி 24

தங்கச்சிக்கு,

செய்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கிறது. மாமாவே சிரித்துவிட்டார். உன் கைக்குத்தான் அது வரும். உன் ரோஷமெல்லாம் எனக்குத் தெரியும்டி. எனக்காக ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போ. இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

அக்கா

மார்ச் 4

அக்கா,

நல்லவேளை, ஞாபகம் வந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று காலையில் நாற்பதையும் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். மாமா செருகி, லோட் அழுத்தினால் போதும், எல்லாம் பழைய எண்ணிலேயே வந்து உட்கார்ந்துவிடும். இனி உனக்கும் அலைச்சல் இல்லை, எனக்கும் இல்லை.

தங்கை

மார்ச் 12

கண்ணு,

இதை மாமா படிக்கவில்லை. அளவெடுக்க வந்த தையல்காரம்மா தன் பையில் ஒளித்து எடுத்துப் போகிறார்.

பென் டிரைவ் வந்தது. பத்து நிமிஷத்தில் நாற்பதும் திரும்பிவிட்டன. மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "அவ இனிமே வர வேண்டியதே இல்ல" என்றார்.

அழித்தது நான்தான். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்கவா என்று அது நாற்பது தடவை கேட்டது, நாற்பது தடவையும் ஆமாம் என்றேன். அதையெல்லாம் வேறு எதிலாவது எடுத்து வைக்க முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? கீபோர்டுக்குள் இல்லாவிட்டால் உன் கையில்தான் இருக்கும் என்று நினைத்தேன். உன்னை உள்ளே விட அவருக்கு வேறு காரணமே கிடையாது. நீ வந்தால் கதவைத் திறப்பார், உன்னோடு நானும் வெளியே வந்துவிடலாம் என்று இருந்தேன்.

பகலில் அவர் ஒத்திகைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்.

இந்தத் தடவை சொல்வதற்குக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. சும்மா வா. தனியாக வராதே.

அக்கா