மாதாவின்ர காலைத் தொட்டது நான்

அன்பு றோசுக்கு, மடு மாதா துணையால நீரும் பிள்ளையளும் சுகமோ? எனக்கு இந்த டென்மார்க் ரண்டர்ஸில ஒரு குறையும் இல்லை, உம்மட தம்பி டெனிஸ்ரனைத் தவிர.

அவன்தான் லீவுக்கு இத்தாலி பாக்கக் கூட்டிக்கொண்டு போனவன். அங்க தெருக்குழாய்க்குக்கூடச் சிங்கமுகம் செதுக்கி வச்சிருக்கிறாங்கள். அதை விடும். ஒரு மியூசியத்தில பழங்காலத்து மாதா சுருவம், மரத்தில செய்தது. உமக்கு வரப்போற முழங்கால் ஒப்பரேசன் நினைவு வந்திட்டுது. செருப்பைக் கழட்டிப்போட்டு, மறிச்சுக் கட்டின கயித்தைத் தாண்டிப் போய், மாதாவின்ர காலைத் தொட்டுக் கண்ணில ஒத்தினன். மணி அலறத் தொடங்கீட்டுது. காவல்காரி ஓடிவந்து டெனிஸ்ரனிட்ட, "உங்கட ஆளோ?" எண்டு கேட்டா.

"எனக்குத் தெரியாத ஆள்" எண்டான். அவ்வளவு இங்கிலீசு எனக்கும் விளங்கும்.

வெளியில வந்து, "ஏன்டா அப்பிடிச் சொன்னனி?" எண்டு கேட்டன்.

"மியூசியத்தில கும்பிட்டு என்ர மானத்தை வாங்கிறியள் அத்தான்."

யேசுவைத் தெரியாதெண்டு மறுதலிச்ச பேதுருவாவது பிறகு அழுதவர். இவன் ஐஸ்கிறீம் வாங்கித் திண்டான்.

சமாதானமாப் போகச் சொல்லி எழுதாதையும். அவன்ர வீட்டை விட்டு வந்து தனி அறையில இருக்கிறன். மிளகாய்த்தூளும் கருவாடும் புது விலாசத்துக்கு அனுப்பும், ஒரு ஆளுக்கு அளவா இருந்தாக் காணும். ஒப்பரேசன் முடிஞ்ச செய்தியையும் நேரே எனக்குச் சொல்லும், அவன் மூலமா வேண்டாம். காலைத் தொட்டது நான்.

வேலைக்கு நேரமாச்சு.

நீக்கிலாஸ்