மைனஸ் பக்கம்

30 செப்டம்பர் 2025, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. காலை முழுவதும் காரோடு கழிந்தது. பேட்டரி உட்காரும் தட்டு துருவேறிக் கிடந்தது. பேட்டரியை இறக்கி, ஒயர்களைக் கழற்றி, தட்டையும் சுற்றியிருந்த தகரத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு பெயிண்ட் இரண்டு கோட்டு. காய்ந்ததும் எல்லாவற்றையும் பழையபடி முடுக்கினேன். காந்திமதி சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இருபத்தோரு வயசுக் குமரிக்கு மை தீட்டியாச்சா?" என்றாள். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் கேலி பேசினாள்.

6 அக்டோபர், திங்கள்

குரோம்பேட்டையில் அவளுக்கு பிசியோதெரபி. திங்களும் வியாழனும். ஆட்டோவில் ஏறமுடியாது; வாடகைக் கார்களின் சீட்டு ஒன்று பள்ளம், ஒன்று மேடு. அவள் கால் வலிக்காமல் மடங்குவது எங்கள் காரின் முன் சீட்டில்தான்.

திரும்பும்போது மழை. சானடோரியம் சிக்னலில் வைப்பர் போட்டதும் ஹெட்லைட் மங்கியது. விளக்கா, என் கண்ணா?

8 அக்டோபர், புதன்

ஸ்டார்ட் ஆகவில்லை. 'க்ளக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சவுரிமுத்துவை வரவழைத்தேன்; பெருங்களத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், பன்னிரண்டு வருடமாக இந்த வண்டியைப் பார்க்கிறவர்.

"லைட்ட அணைக்காம வுட்டுட்டீங்களா சார்?"

அணைத்தேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "இருக்கலாம்" என்று வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்?

9 அக்டோபர், வியாழன்

பேட்டரி சார்ஜில் இருக்கிறது. பிசியோதெரபி இல்லை. பெங்களூரிலிருந்து சுப்ரஜா பேசினாள். அம்மாவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"தீபாவளிக்கு வரப்போ ஒருத்தரக் கூட்டிட்டு வரேன்ப்பா. வண்டியக் குடுத்துடலாம். லைட்ட மறந்தீங்க, சரி. நாளைக்கு ரோட்டுல எதையாவது மறந்துட்டீங்கன்னா? இது வண்டிப் பிரச்சினை இல்லப்பா..."

முடிக்காமல் விட்டாள். முடித்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பேனா?

11 அக்டோபர், சனி

மல்டிமீட்டர் வாங்கினேன். தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கற்றது ஒன்றுதான்: எந்த அளவையும் மூன்று முறை எடு, ஒரு முனையை அசைக்காதே. கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸிலேயே வைத்துக்கொண்டு எல்லா இடத்தையும் சிவப்பு முனையால் தொட்டுப் பார்த்தேன். வண்டி ஓடும்போது பதினாலு வோல்ட்டாவது காட்ட வேண்டும். பேட்டரியில் 12.7. விளக்கு போட்டால் 12.3. மூன்று முறையும் அதே.

நான் எழுதிவைத்த அளவுப் பட்டியலை சவுரிமுத்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "டைனமோ அவுட்டு சார். சார்ஜே ஏத்தல." அதன் சரியான பெயர் ஆல்டர்னேட்டர். திருத்தவில்லை.

13 அக்டோபர், திங்கள்

புது டைனமோ போட்டாயிற்று. 12.8.

மறுபடி எடுத்தேன். 12.8. சவுரிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "புது மாலு சார் இது! உங்க மீட்டரு ஒரே பேஜாரு. சும்மா நோண்டிகினே இருந்தா வண்டி இன்னாத்துக்கு ஆவும்?" கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போதும்டா சாமி. வித்துத் தொலைக்கட்டும்.

14 அக்டோபர், செவ்வாய்

மாலை 6.40. ஹெட்லைட், உள்விளக்கு, அணைத்தாயிற்று. நாளை சந்தேகம் வராதிருக்க எழுதிவைக்கிறேன்.

15 அக்டோபர், புதன்

ஸ்டார்ட் ஆகவில்லை. விளக்குகள் அணைந்துதான் இருக்கின்றன. ஆனால் விடிந்தபின் நானே வந்து அணைத்துவிட்டு மறந்திருந்தால்? எதை நம்புவது?

16 அக்டோபர், வியாழன்

சார்ஜ் ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டை போனோம். திரும்பும்போது பார்க்கிங்கில் நின்றுவிட்டது. பக்கத்து டாக்சிக்காரர் தன் வண்டி பேட்டரியிலிருந்து கேபிள் இழுத்துக் கொடுத்தார். நான் கறுப்பு கிளிப்பை பேட்டரி மைனஸில் மாட்டப் போனேன்.

"அங்க வாணாம் சார், தீப்பொறி வுடும். தோ, இன்ஜின் இரும்புலயே கடிக்க வுடு."

ஒரே திருகலில் சீறிக் கிளம்பியது! ஒரு வாரமாக முனகிய வண்டி. கேபிளை எடுத்ததும் விளக்கு பழையபடி மங்கல்.

வழியெல்லாம் அதே யோசனை. பேட்டரி மைனஸும் இன்ஜின் இரும்பும் மின்சாரத்துக்கு ஒரே இடம்தானே? எங்கே மாட்டினால் என்ன? காந்திமதி ஏதோ கேட்டாள். "ம்" என்றேன்.

17 அக்டோபர், வெள்ளி

"எனக்கு இடது கால்தான ஆபரேஷன்? வலது கால் சும்மாதான இருக்கு" என்று காந்திமதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். இத்தனை நாள் அசைக்காத கறுப்பு முனையை இன்று அசைத்தேன். டைனமோ பிளஸுக்கும் இன்ஜின் இரும்புக்கும்: 14.2. டைனமோ நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்து பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும். பூஜ்யம் வரவேண்டும்.

1.4.

மைனஸ் ஒயரைத் தொடர்ந்து போனேன். தட்டுக்குப் பக்கத்துத் தகரத்தில் ஒரு போல்ட்டில் முடிகிறது: எர்த், மின்சாரம் திரும்பும் வழி. கழற்றினேன். ஒயர் வளையத்துக்கு அடியில் பளபளவென்று கறுப்பு. இரண்டு கோட்டு.

இந்த நோட்டில் 30 செப்டம்பரைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரித் தேய்த்து முடுக்கினேன். 1.4 போய் 0.1. பேட்டரியில் 14.1. மூன்று முறை.

தப்பு என்னுடையது. முழுக்க என்னுடையது. ஆனால் மறதி இல்லை. விளக்கை நான் அணைத்துத்தான் இருக்கிறேன்! ஒவ்வொரு நாளும்! முட்டாள்தனத்துக்கு ஒருவன் இவ்வளவு சந்தோஷப்படலாமா?

18 அக்டோபர், சனி

சவுரிமுத்துவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அங்கே பாதிதான் வந்தது. அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்த பெயிண்ட்ட நானும் பாத்தேன் சார். பளபளன்னு கீதே, சார் வண்டிய எவ்ளோ சுத்தமா வெச்சிகினு கீறாருன்னு நெனச்சிகினேன். பன்னெண்டு வருசமா எர்த்த மொதல்ல பாருன்னு பசங்கள திட்டறவன் நானு." தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். பழைய டைனமோவையே திரும்ப மாட்டிக் கொடுத்தார். 14.1. இந்த முறை மீட்டரை அவரே எட்டிப் பார்த்தார்.

21 அக்டோபர், செவ்வாய்

நேற்று தீபாவளி. இன்று சுப்ரஜா சொன்ன ஆள் வந்தார். ஸ்டார்ட் செய்து பார்த்தார், திருப்தி. "நல்லாத்தான சார் இருக்கு, எதுக்குக் குடுக்கறீங்க?" நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காந்திமதி ஊன்றுகோலோடு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"குடுக்கல தம்பி. திங்கள், வியாழன் எனக்கு வேலை இருக்கு. உள்ள போய் முறுக்கு சாப்பிடுங்க."

அவர் போனபின் சுப்ரஜா பானெட்டுக்குள் குனிந்து பார்த்தாள். "இவ்ளோ நல்லா பெயிண்ட் அடிச்சிட்டு இங்க மட்டும் ஏன்ப்பா உரிஞ்சிருக்கு?"

"உரியலம்மா. நான்தான் தேய்ச்சு எடுத்தேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இந்த நோட்டையும் காட்டினேன். 14ஆம் தேதிப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். "சாரிப்பா" என்றாள்.

23 அக்டோபர், வியாழன்

குரோம்பேட்டை. நல்ல மழை. வைப்பர், ஹெட்லைட், எல்லாம் போட்டுக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்தேன். மணி பார்க்கவில்லை.