பந்தியில் சொன்னது

கோபித்துக்கொண்டு தாய்வீடு போனவளுக்கு,

நான்கு முறை போன் செய்தும் நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருப்பதி கல்யாணத்தில் உன் சித்தப்பா என்னைத்தானே கேட்டார்? "மாப்ளே, இப்ப இன்னா வேலை பண்ணிக்கினு கீறீங்க?" நான் வாய் திறப்பதற்குள், "மேனேஜரா கீறாரு" என்றாய் நீ. ஒரு வருஷமாக இதே பொய். எனக்கு அலுத்துப்போய்விட்டது. அதனால்தான் பந்தியிலேயே சொன்னேன்: "அந்த வேலை போயிடுச்சி மாமா. ஸ்ரீ சிட்டில கம்பெனி பஸ் ஓட்டறேன்."

அவர் "அப்படியா" என்றார். பிறகு ரசம் கேட்டார். அவ்வளவுதான். இதற்கா ஒரு வருஷம் பயந்து செத்தோம்?

எனக்கு வண்டி ஓட்டப் பிடித்திருக்கிறது. உன்னிடம்கூட இதைச் சொல்லப் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்ததும் உன்னை அழைத்துப்போக சூளூர்பேட்டைக்கு வருகிறேன். காக்கிச் சட்டையோடுதான் வருவேன்.

உன் வீட்டுக்காரன்